ஊசி போட ஒரு கையெழுத்து

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அன்று அந்த ஊரில் அடித்த குளிரில், தெருவில் கைகுலுக்கிய இரண்டு பேர் பிரிய முடியாமல் சேர்ந்தே காப்பி குடிக்கப் போனார்கள். அப்படிப்பட்ட குளிரில்தான் ஹால்வர், இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, மருந்துக்கடையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“போடப்போறியா, இல்லையா?”

கடையை நடத்தும் மருந்தாளர் மரீட் கையைப் பிசைந்தாள். கக்குவான் இருமல் தடுப்பூசி அவள் முதுகுக்குப் பின்னால் குளிர்பெட்டியில் இருந்தது. அந்த ஊரில் அவள் குத்தாத தோள் அநேகமாக இல்லை.

“முடியாது. சட்டம் இடம் குடுக்கல.”

“நேத்து இந்தப் போர்கில்டுக்குப் போட்டியே! அப்ப மட்டும் இடம் குடுத்துச்சா?”

“போட்டா, போட்டா,” என்றாள் வரிசையில் பின்னால் நின்ற போர்கில்ட். “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. சட்டையை இறக்கி விடுப்பா, உன் தோளைப் பாத்தா எனக்குக் குளிருது.”

மரீட் மூன்றாவது தடவையாக விளக்கினாள். “மருந்தாளர் தன் இஷ்டத்துக்கு ஊசி போடக் கூடாது. மாவட்டத்து டாக்டர் ஒருத்தர், ‘என் பொறுப்புல போடு’ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கணும். டாக்டர் வேலையில இருக்கற வரைக்கும்தான் அந்தக் கையெழுத்துக்கு உயிர். நேத்தோட ஓய்வு வாங்கியாச்சு. லைசென்ஸையும் திருப்பிக் குடுத்தாச்சு.”

“டாக்டர் ஒண்ணும் செத்துப் போகலையே? கை நல்லாத்தானே இருக்கு? பேனா பிடிக்காதா?”

“பேனா பிடிக்கும். சட்டம் ஒத்துக்காது.”

“டாக்டருக்கு இனிமே மீன் பிடிக்கற லைசென்ஸ் ஒண்ணே போதுமாம்,” என்றாள் போர்கில்ட். “நேத்து விருந்துல மைக்கைப் பிடிச்சுச் சொன்னதும் ஊரே கை தட்டுச்சே. நானும் தட்டினேன். கேக் பிரமாதம்.”

“நீ இருமல் மிட்டாயை வாங்கிட்டு வீடு போய்ச் சேரு!”

ஹால்வரின் அவசரம் மரீட்டுக்குத் தெரியாததல்ல. அவர் மகள் சிக்னேவுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்திருக்கிறது. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகாத எவரும் குழந்தையை நெருங்கக் கூடாது என்பது சிக்னேவின் கண்டிப்பு, அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

சரியாக இரண்டு வாரத்தில் ஞானஸ்நானம். அது முடிந்த கையோடு, மாப்பிள்ளையின் வேலைக்காக, மகள் குடும்பமே ஜப்பானில் இருக்கும் ராணுவ முகாமுக்குப் போகிறது, மூன்று வருடத்துக்கு.

“இன்னிக்குப் போட்டாத்தான் மரீட், அதைத் தூக்க முடியும்.” ஹால்வரின் குரல் இறங்கிவிட்டது. “இல்லன்னா சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்காந்து கையை ஆட்டணும். திரும்பி வரும்போது அது என் எதிர்ல நின்னு, ‘நீ யாரு’ன்னு கேக்கும்.”



“பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு நடை...” என்று மரீட் இழுத்தாள்.

“ரோட்டை மூடிட்டாங்க. பனி வாரப் போன வண்டி பனிக்குள்ள கிடக்கு. அதைத் தோண்டப் போன வண்டியையும் காணோம்.”

மரீட் மாநில மருந்தாளர் வாரியத்துக்குப் போன் போட்டாள். முதலில் பாட்டு வந்தது. பாட்டென்றால் ஒரு முழுக் கச்சேரி. கடைசியில் ஒரு பெண் குரல் தேனாக வழிந்தது.

“கவலையே படாதீங்க. உங்க மாவட்டத்துல எந்த டாக்டர் வேணும்னாலும் கையெழுத்துப் போடலாம்.”

“எங்க மாவட்டத்துக்கே ஒரு டாக்டர்தாங்க. அவரும் ஓய்வு வாங்கிட்டார்.”

“புதுசா யாரும் வரலையா?”

“பனி உருகினப்புறம் வராராம்.”

“அப்ப பனி உருகினப்புறம் கூப்பிடுங்க. இன்றைய நாள் இனிதாக அமையட்டும்!”

ஹால்வர் மேசைமேல் சாய்ந்தார். “ஊசியை என் கையில குடு. நானே குத்திக்கறேன்.”

“கையில குடுக்கறதுக்கும் மருந்துச்சீட்டு வேணும்.”

“அவ்வளவுதானே!” அவர் கை சட்டைப் பைக்குப் பாய்ந்து பேனாவை உருவியது. பாதி தூரம் வந்த பேனா அங்கேயே நின்றது. பிறகு யாரும் பார்க்காத மாதிரி பைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

மரீட்டுக்குத் தாங்கவில்லை. திரும்பிக் குளிர்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“போட்டுடு,” என்று போர்கில்ட் கிசுகிசுத்தாள். “நான் கண்ணை மூடிக்கறேன்.”

“வேண்டாம்,” என்றது ஹால்வரேதான். “உன் லைசென்ஸும் போயிட்டா, இந்த ஊர்ல தலைவலி மாத்திரை குடுக்கக்கூட ஆள் இருக்காது. கையை எடு.”

மரீட் கையை எடுத்தாள். ஹால்வர் சுருட்டிய சட்டையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டு, மணிக்கட்டுப் பொத்தானைப் போடப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை, போர்கில்டே வந்து போட்டுவிட்டாள்.

“அப்ப இந்த மாவட்டத்துல எனக்கு ஒரு ஊசி போட நாதியில்ல. அப்படித்தானே?”

மரீட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நேத்து வரைக்கும் நீங்களே போட்டுக்கிட்டிருக்கலாம், டாக்டர்.”