விலகாத புள்ளிகள்

கமலக்கண்ணனுக்குப் பின்னால் சுவர், எதிரில் மகள் உதயாவின் லேப்டாப். மனைவி திலகவதி வாசற்படியை மறித்து உட்கார்ந்து பெருமாளுக்குத் துளசி கட்டிக்கொண்டிருந்தாள். நழுவ வழியில்லை.

பட்டுக்குச் சாயம் போடும் தொட்டி எப்படிச் சூடு ஆறுகிறது என்பதுதான் உதயாவின் கல்லூரி புராஜெக்ட். அடுப்பை அணைத்ததும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். நேற்று லீவு போட்டுச் சிவப்புத் தொட்டிக்கு அவளே எழுதினாள். இன்று பச்சைத் தொட்டிக்கு அப்பா.

சூடு ஆறும் கணக்குக்கு உதயா தானே அமைத்த அடுக்குக்குறிச் சூத்திரத்தைத் தட்டியதும், திரையில் அவர் எழுதிய அளவுகளான பச்சைப் புள்ளிகளின் ஊடே ஒரு கோடு வளைந்து இறங்கியது.

"மூணு புள்ளி மட்டும் கோட்டு மேலயே உக்காந்துகினு இருக்குதுப்பா."

"நல்லதுதானே?" என்றார், போன உயிர் திரும்பியவராய்.

"நெஜமா பாத்து எழுதினா கொஞ்சம் மேல கீழ விலகும். முப்பது வருஷமா சாயம் போடறியே, பாக்காமலே அச்சா எழுதிட்ட." குரலைத் தாழ்த்தினாள். "அந்த அரை மணி நேரம் எங்க போன? சட்டையில பிரியாணி வாசனை வருது. இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை. அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

அவர் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்தார். பக்கத்தில் நேற்றைய சிவப்புக் கோடு. மெல்ல நிமிர்ந்தார்.

"ஏம்மா, இந்தச் சிவப்புல ஒரு புள்ளிகூட விலகலையே. நேத்து மத்தியானம் பூரா நீ எங்க இருந்த?"

உதயா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"விடுப்பா. அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."