கப்பலேறிய விலை

நம்பினால் நம்புங்கள், ஒரு காட்டில் கரடி பஜ்ஜிக்கடை வைத்திருந்தது. காட்டில் காசு என்றால் புளியங்கொட்டை. எண்ணெய் மட்டும் அக்கரைச் சரக்கு. அதற்குக் கொட்டையைச் சோழியாக மாற்றித்தான் கொடுக்கவேண்டும்.

"சோழி விலை ஏறிப்போச்சு!" என்று அக்கரையிலிருந்து பறந்துவந்த கடற்காகம் கத்தியது. சட்டியில் கிடந்த பஜ்ஜியைத் திருப்பிப் போடுவதற்குள் கரடி பஜ்ஜி விலையை இரட்டிப்பாக்கிவிட்டது. பஜ்ஜி வாங்க வந்திருந்த முயல் எச்சிலை விழுங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியது.

மறுவாரம் சோழி விலை இறங்கியது. முயல் துள்ளி ஓடிவந்தது.

"அண்ணே, பழைய விலைக்குப் பஜ்ஜி குடுங்க!"

"பொறு தம்பி. ஏறின விலை பறந்து வரும். இறங்கின விலை கப்பல்ல மெதுவாத்தான் வரும்."

முயல் சமத்தாகத் தலையாட்டியது. சுடச்சுட நாலு பஜ்ஜி தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியது.

"டேய், காசு எங்கடா?"

"அந்தக் கப்பல்லதான் ஏத்திவிட்டிருக்கேன் அண்ணே!" என்று முயல் புதருக்குள் பாய்ந்தது.