சூடு தெரியவில்லை

“அதைத் தூக்கிடாதேம்மா” என்றார் பெரியவர்.

ரிப்பேர் செய்ய வந்தவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கம்ப்யூட்டரின் சூட்டையும், உள்ளே சுற்றும் ஃபேனின் வேகத்தையும் காட்டுகிற புரோகிராம் அது. புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியதிலிருந்து எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் வந்தது. சூடு எவ்வளவு என்று தெரியாமல் ஃபேன் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

இது பழசு, புது சிஸ்டத்துக்கு ஒத்துவராது, எடுத்துவிட்டால் ஃபேன் அடங்கிவிடும், மெஷின் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விளக்கிப் பார்த்தாள். சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எண் வர வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

“கம்ப்யூட்டருக்கு ஜுரம் பாக்கற ஆளை இப்பத்தான் சார் பாக்கறேன்.”

அவர் சிரிக்கவில்லை.

இதில் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டதற்கு, தேவைப்படும் என்றார். கீபோர்டின் மேல் தூசி படிந்திருந்தது. திரையில் வேலை செய்ததற்கான ஃபைல் ஒன்று கூட இல்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் நின்றபடியே இருந்தார்.

அந்தப் புரோகிராமின் புதுப் பதிப்பை அவள் ஏற்றினாள். சூட்டைப் படிக்கிற பகுதியை சிஸ்டத்தின் பாதுகாப்பு தடுத்து வைத்திருந்தது. அதற்கு அனுமதி கொடுத்ததும் எண் வந்தது. ஃபேன் மெதுவாக அடங்கியது. பெரியவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள்.

“சார், இந்தச் சூட்டை இது வெளியில யாருக்கோ அனுப்பிக்கிட்டே இருக்கு. நீங்க எப்ப ஆன் பண்றீங்க, எப்ப ஆஃப் பண்றீங்க, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். யாரு அது?”

“தெரியலையே.”

“நிறுத்திடட்டுமா?”

“சூடுதானே. போனாப் போகட்டும்.”

தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற ரகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கீழ் வீட்டுக்காரி போனும் கையுமாக மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“நல்லா இருக்கீங்களா அண்ணா? உங்க பையன் போன் மேல போன் போட்டு என் உயிரை வாங்கறான். கம்ப்யூட்டர் சூடு தெரியலையாம். போய்ப் பாத்துட்டு வாங்கன்னு.”

“கம்ப்யூட்டரைப் பத்திக் கேக்கணும்னா என்னைக் கேக்கட்டும்.”

“கேட்டா நீங்க போனை எடுத்துடுவீங்க, பாவம்.”

அவர் உள்ளே போனார். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

கீழ் வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். மனைவி இறந்தபோது மகன் வந்து சேரவில்லையாம். அன்றிலிருந்து இவர் அவன் போனை எடுப்பதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவனும் விட்டுவிட்டானாம்.

“இவர்தான் பிடிவாதம்னா, அவனாவது என்கிட்ட அப்பா எப்படி இருக்கார்னு ஒரு வார்த்தை கேக்கலாம்ல? மெஷின் சூடாச்சா, மெஷின் சூடாச்சான்னே கேக்கறான். நல்லா பெத்தாங்க.”

ரிப்பேர்காரி திரையைப் பார்த்தாள். பழைய நாட்களின் சூட்டைக் காட்டும் வரைபடம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு காலையிலும் கோடு மேலே ஏறியது, இரவில் இறங்கியது. சிஸ்டம் மாற்றிய நாளிலிருந்து ஒன்றுமே இல்லை.

“அக்கா, மெஷின் சூடானா, அதை ஆன் பண்ண ஆள் எழுந்திருச்சிட்டார்னு அர்த்தம்.”

கீழ் வீட்டுக்காரி திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெரியவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரிப்பேர்காரிக்குச் சங்கடமாக இருந்தது. சொன்னால் வீம்புக்காக இதையும் அறுத்துவிடுவார். சொல்லாவிட்டால், அவர் வீட்டுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் மறைத்ததாக ஆகும். அது தொழிலுக்கு அழகில்லை.

“சார், அந்தச் சூடு உங்க பையனுக்குத்தான் போகுது. வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன்.”

அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“உன் வேலை முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது சார்.”

“அப்ப கிளம்பு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அந்த ‘பாத்துக்கறேன்’ அவளுக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி படி இறங்கினாள். பாதியில்தான் டார்ச்சை மேஜையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

திரும்ப ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. அவர் கம்ப்யூட்டரின் முன்னால் நின்றிருந்தார். கை மவுஸின் மேல் இருந்தது. அறுக்கப் போகிறார் என்று எண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கண்ணாடி கூடப் போடாமல், பழகின கையால், அவர் ஏதோ ஒரு சினிமாவை ஓடவிட்டார். சத்தத்தை முழுவதுமாகக் குறைத்தார். நாற்பதில் இருந்த சூடு ஏற ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தொடும்வரை நின்று பார்த்தார்.

பிறகு திரையை மட்டும் அணைத்துவிட்டு, கொடியிலிருந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தார்.