கூட யாரு?

அவள் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். போனில் மகன் கத்திக்கொண்டிருந்தான்.

“அம்மா, சொன்னா கேளு. உனக்கு அறுபத்தேழு வயசு. சர்க்கரை வேற. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, முழு ஊரடங்கு. இந்த நேரத்துல நீ எதுக்கு சுடுகாட்டுக்குப் போற?”

“மரகதவல்லி தனியாப் போறா.”

“அவங்க பசங்க…”

“மெல்பர்ன்ல இருக்காங்க. நீ ஓசூர்ல இருக்க.”

வைத்துவிட்டாள்.

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, மாஸ்க்கை மூக்குவரை ஏற்றினாள். இரண்டு ஊசியும் போட்டாயிற்று. வருஷக்கணக்கில் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. மொட்டைமாடியில் தனியாக நாற்பது சுற்று நடந்தாயிற்று. பயப்படச் சொன்னபோதெல்லாம் ஒழுங்காகப் பயந்தாயிற்று.

மரகதவல்லியின் புருஷன், எதிர்வீட்டுக் குஞ்சிதபாதம் இறந்தது மாரடைப்பில். கொரோனா இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைப் படம் பிடித்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது அவள்தான்.

முப்பத்தாறு பேர் கைகூப்பினார்கள்.

ஒரு கதவும் திறக்கவில்லை.

கீழே அமரர் ஊர்தி நின்றது. அதன் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல, மரகதவல்லி நின்றாள். புருஷனை உள்ளே ஏற்றிவிட்டு டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

சங்கச் செயலாளர் பத்தடி தள்ளி நின்று கையை நீட்டித் தடுத்தார்.

“டீச்சர், அறுபது தாண்டினவங்க கேட்டை விட்டு வெளிய போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். உங்க நல்லதுக்குத்தான். அதுவும் லேடீஸ் அங்கல்லாம் போற வழக்கமில்லையே.”

முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தின் மறுகோடிவரை எட்டும் குரல். ஓய்வு பெற்றபின் அதை வெளியே எடுக்க வேண்டி வந்ததில்லை.

“அப்ப நீங்க வாங்க சார். நீங்க ஆம்பள. உங்களுக்கு அறுபதும் ஆகல.”

மூன்று மாடிகளிலும் ஜன்னல் திரைகள் அசைந்தன.

செயலாளர் கையை இறக்கிக்கொண்டார்.

அவள் மரகதவல்லியை முதலில் ஏற்றி, பின்னால் தானும் ஏறினாள்.

திருச்சியே வெறிச்சென்று கிடந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பஸ்கூட இல்லை.

போன மே மாதம் அவள் கணவரை இந்தச் சாலையில்தான் கொண்டுபோனார்கள். நீலப் பை. முகம் தெரியாத உடுப்பில் நாலு பேர்.

“நீங்களும் பாசிட்டிவ்மா. வெளிய வரக் கூடாது.”

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொன்னதைக் கேட்டாள்.

ஓயாமாரி மயானத்தில் தகனமேடை ஊழியர் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு வண்டி எதுவும் வரவில்லை.

“கூட யாரு?”

“நாங்க ரெண்டு பேர்.”

அவர் கற்பூரத் தட்டை நீட்டினார்.

“கற்பூரம் யாரும்மா வைக்கிறது?”

மரகதவல்லி அவள் முழங்கையைப் பற்றினாள். “டீச்சர்… நான் வைக்கலாமா?”

“நாப்பத்தொம்பது வருஷம் கூட இருந்தது யாரு? நீதானே. வை.”

வைத்தாள்.

கற்பூரம் பிடித்து எரியும்வரை கையை எடுக்கவில்லை.

தகனமேடையின் இரும்புக் கதவு இறங்கியது. மரகதவல்லி சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழட்டும் என்று அவள் சற்று விலகி நடந்தாள். தகனமேடைக்குப் பின்னால் அந்த ஊழியர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, போன மே மாசம் நீங்கதான் இங்க இருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“பதினேழாம் தேதி. சாயங்காலம். வேலாயுதம்னு ஒருத்தர்.”

அவர் யோசித்தார்.

“தெரியலம்மா. அப்பல்லாம் வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. முகத்தைப் பாக்க விடமாட்டாங்க.”

“யாராச்சும் கூட நின்னாங்களா?”

“நான் நின்னேம்மா.”

எட்டு மாதமாக எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் உள்ளே இறங்கியதில்லை.

அவள் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ஐயோ, என்னம்மா இது” என்று அவர் பதறி இரண்டடி பின்னால் போனார்.

அவள் கையை இறக்கவில்லை.

வாசலில் இன்னொரு ஊர்தி வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கினார். ஊழியர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போனார்.

“கூட யாரு?”

“யாருமில்லண்ணே. ஒரே பொண்ணு. அதுவும் ஆஸ்பத்திரில படுத்திருக்கு.”

இதற்கும் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டுப் போகலாமா என்று மரகதவல்லியிடம் கேட்க வேண்டும். கேட்பது நியாயமா என்றும் தெரியவில்லை. இன்றைக்குப் போய்.

திரும்பினாள்.

பெஞ்சில் யாரும் இல்லை.

மரகதவல்லி புதிதாக வந்த ஊர்தியின் பின்கதவருகே நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது.

“இவங்க பேர் என்ன தம்பி?” என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.