வாடகைப் பாட்டு

அமெரிக்காவின் டுலூத் ஊர்த் தேவாலயத்தில் அன்று முன்வரிசையில் இருந்தவர்கள் ஆர்விட் எக்லண்ட், மகள் கார்லா, போதகர் ஹால்வர்சன். சவப்பெட்டியில் ஆர்விட்டின் மனைவி டோரிஸ். பின்னால் பாதி ஊர்.

"அப்பா, அம்மாவோட பாட்டைப் போடுங்க."

ஆர்விட் டோரிஸின் எம்பி3 பிளேயரை அழுத்தினார். மாதச் சந்தா கட்டினால்தான் அது பாடும். 'சந்தா முடிந்துவிட்டது. இந்தப் பாடலைக் கேட்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

"எப்படிப்பா முடியும்? அம்மா கார்டுல இருந்து மாசாமாசம் போகுதே!"

"செத்தவங்க கார்டை வெச்சிருக்கிறது தப்பு. அவ போன அன்னிக்கே பேங்குல சொல்லி நிறுத்திட்டேன்."

"நல்லா இருக்குப்பா உங்க நேர்மை! இண்டர்நெட்ல சும்மா இறக்கின காப்பி எங்கிட்ட இருக்கு. போடவா?"

"எக்லண்ட் வீட்டுச் சாவுல திருட்டுப் பாட்டா? பேசாம உட்காரு."

அவர் மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். திரை அதையே சொன்னது. போதகர் தொண்டையைக் கனைத்தார். கடைசியில் பாட்டில்லாமலே பெட்டியைத் தூக்கினார்கள்.

யாரோ ஒரு பாடகியின் பாட்டு மனைவியின் சாவுக்கு எதற்கு என்று கிழவரே நிறுத்திவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. கல்யாணத்துக்கு முன்பு, பிறந்த வீட்டுப் பெயரில், அந்தப் பாட்டைப் பாடியவள் டோரிஸ்தான்.