அறுபதாம் எண்

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறீங்களேக்கா! பத்தரைக்கு நேர்காணல். இப்போ போய்க் கணக்கு தப்புங்கறீங்க."

எதிர் மேசை உயிரியல்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். புள்ளியியல் பார்ப்பவள் அதே கணக்கை மறுபடி கணினியில் போட்டுப் பார்த்தாள். துறையில் அவளுக்குக் கணக்கக்கா என்று பெயர்.

பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் ஒரு நீட்டிப்புக் கடிதம். இந்த வருடம் அதுவும் கிடையாது. இன்று அவள் உருவாக்கிய கணிப்பு முறை தேறினால் நிரந்தர வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியில் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ரத்தத்தில் உள்ள அளவுகளை வைத்து, நரம்பு தளரும் நோயை இரண்டு வருடம் முன்பே சொல்லும் முறை அது. சொல்லத்தான் முடியும். மருந்து இல்லை.

"அறுபது பேர் ரத்தம். ஐம்பத்தொன்பது பேருக்குச் சரியாச் சொல்லிடுச்சு. ஒரே ஒருத்தர் இடிக்குது, போகட்டுமே."

"நல்லா இருக்கற ஆளை நோயாளிங்குது. அப்போ முறை தப்பு."

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீங்க என்னடான்னா கொத்துறீங்க."

அவள் சிரிக்கவில்லை. "ரத்தம் எடுத்து வச்ச குழாய் மாறியிருக்கும்."

"மூணு தடவை பார்த்தாச்சு. மாறல."

"மெஷின்?"

"வேற மெஷின்லயும் அதே விடைதான்."

"அப்போ கணக்குதான் தப்பு. உள்ளே போய் அதைத்தான் சொல்லப்போறேன்."

"பதினோரு வருஷம்க்கா!"

அவன் கைபேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா! ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்து வச்ச ரத்தம் அனுப்பினாங்களே? அதுல நல்லா இருந்த நாலு பேரை நோயாளின்னு உங்க முறை சொல்லுச்சுல்ல? நாலு பேருமே இப்போ படுக்கையில. ஒண்ணுகூடத் தப்பல. வேலை உங்களுக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க!"

அவள் கணினியை அணைத்தாள். வெகு நேரம் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அவன் குரல் இறங்கியது. "அப்போ நம்ம அறுபதாம் எண்... பாவம், யாரோ. அவங்ககிட்ட சொல்லணும்ல?"

"அவங்களுக்குத் தெரியும்."

"என்ன சொன்னாங்க?"

"கணக்கு தப்புன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

ரத்தம் கொடுக்க வரவேண்டிய கடைசி ஆள் வராமல் போன அன்று, எண்ணிக்கை குறையக் கூடாதென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவள் கணக்கக்காதான்.