பசியில்லாத நான்கு மாதம்

“என் ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணுங்க சார்.”

ஆய்வேட்டில் கையெழுத்து போடுபவர் பேராசிரியர், அவரிடம் எதையும் கேட்டுவிடாதே என்று சீனியர் அருள்மேரி முதல் நாளே சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். இரண்டு வருடமாக எலிகளுக்கு பிளாஸ்டிக் நுண்துகள் கலந்த தண்ணீர் கொடுக்கிறோம். அவற்றின் குடலில் பசியைத் தூண்டும் ஹார்மோன் குறைந்துவிட்டது. தீனி இருக்கும் மூலையையே மறந்து சுவரோரம் நிற்கின்றன. அந்தத் தூளை நிறுப்பவள் நான். தூசியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் தராசின் எண்கள் நடுங்கும், நிறுத்திவிட்டு நிறு என்றவர் பேராசிரியர். நான்கு மாதமாக எனக்குப் பசியே இல்லை. “சாப்டியா?” என்று அம்மா போனில் கேட்டால் ஆமாம் என்கிறேன். போன வாரம் விடுதியில் என் அறை எதுவென்று மறந்து நடைவழியில் நின்றேன். கடந்துபோன ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை.

“நீ என்ன எலியாம்மா?” பேராசிரியர் சிரித்தார்.

“எலிக்காச்சும் வாராவாரம் எடை பாக்குறோம் சார்.”

சிரிப்பு நின்றது. “இன்னும் மூணே மாசம். உங்க குடும்பத்துலயே மொத டாக்டர் பட்டம். வேணுமா, வேணாமா?”

வேண்டும்தான். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தூள் டப்பாவின் லேபிளை நகத்தால் உரித்தெடுத்தேன்.

“ஏய், என்ன பண்ற?”

“என்னத்த மூக்குல இழுத்தேன்னு ஆஸ்பத்திரியில கேப்பாங்க சார்.”

பெரியாஸ்பத்திரியில் சீட்டு பதினொரு மணி வரைதான் கொடுப்பார்கள். மாடிப்படியில் வேகமாக இறங்கினேன்.